கம்பளி போர்த்திய கார்

மார்கழி 27, திங்கள்

உறைபனி. முற்றத்துப் புல் உப்புக் கொட்டியது போல். காரின் கூரையிலும்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. மகன் முருகனுக்குக் காட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கியாயிற்று.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து முருகன் டாக்ஸிக்கு ஓட்டமே இல்லை. இலையைப் பறிக்காமலே விட்டு வைத்திருக்கிறார்கள். இதில் யார் கார் ஏறுவார்கள்? பொங்கல் கழித்து, மேட்டுப்பாளையத்துப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கப் போகிறானாம். என்ஜின் நல்ல என்ஜின். பெயிண்ட்தான் செத்துவிட்டது. வாங்கி வரும்போது அரக்கு நிறம். இப்போது செங்கல் பொடி.

இன்று அரவேணு ஊர் ராசு வந்தார். தை நாலாம் தேதி அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போக கார் வேண்டும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங்க பெரியவரே, இது கல்யாண வண்டிங்களா, செங்கல் ஏத்துற வண்டிங்களா? பொண்ணு சேலையில சாயம் ஒட்டிக்குமுங்க. நான் கோயமுத்தூர்ல கார் சொல்லிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "பொங்கலன்னைக்கு சாயங்காலம் வந்து பாருங்க. கதவுல உங்க முகம் தெரியலைன்னா அப்புறம் கோயமுத்தூருக்குப் போன் போடுங்க."

அவர் போனதும் முருகன் குதித்தான். "ஏன்ப்பா வாய விட்டீங்க?" பிறகு அவனே, "இந்த ஓட்டம் கெடச்சா வண்டிய விக்கல. கெடைக்கலைன்னா அதப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

சரி என்றேன்.

மார்கழி 28, செவ்வாய்

வெயில். ஆனால் வெயிலில் தேய்க்கக்கூடாது. வண்டியைத் தள்ளி சில்வர் ஓக் மர நிழலில். குன்னூர்க் கடையில் வாங்கியவை: தேய்க்கும் பசை ஒரு டப்பா, மெழுகு ஒரு டப்பா. துணி, பழைய பனியன்.

முதலில் கழுவல். பிறகு பசை. ஒரு சாண் இடம் தேய்த்து, அது முடிந்தபின் அடுத்த சாண். இளவயதில் சிலோன் தோட்டத்தில் துரையின் காரைத் துடைத்தவன் நான். அந்தக் கார் டிரைவர் பாண்டி சொல்வார்: "அவசரப்பட்டா பெயிண்டு கோவிச்சுக்கும்டா." கறுப்புக் கார். அதன் மூக்கில் மலை தலைகீழாகத் தெரியும். நேற்றுப் பார்த்தது போல் இருக்கிறது.

செல்வி தேநீரோடு வந்தவள் அலறினாள். "ஐயோ மாமா, கையெல்லாம் ரத்தம்!"

"என் ரத்தமில்ல தாயி. வண்டியோட செத்த தோலு."

துணி எல்லாம் சிவப்பு. கேரட் தோட்ட வேலை முடிந்து போன பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பு. "தாத்தா, எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறீகளா? சீயக்கா கொண்டாரவா?"

"அதக் கொண்டுபோயி உன் புருசனுக்கு வையி."

முதுகு வலி. கதவு இரண்டு முடிந்தது.

மார்கழி 29, புதன். போகி

மூடுபனி. பத்து மணிக்குத்தான் விலகியது.

மீதிக் கதவுகள், பின்பக்கம், கடைசியாக பானெட். மெழுகு போட்டுத் துடைத்தேன். பானெட்டில் ஒரு கிழவன். அவனுக்கும் முன்பல் இல்லை. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன், அவனும்தான்.

பொழுது சாயும்போது குளிர் கடித்தது. ராத்திரி உறைபனி நிச்சயம். நேற்றுப் பிறந்த கன்றுக்குட்டி போல் நிற்கிறது வண்டி, மனசு கேட்கவில்லை. மாட்டுக்கும் கம்பளி போர்த்துகிற ஊர்தானே இது. என் கம்பளியை எடுத்து பானெட் மேல் போர்த்தினேன்.

செல்வி: "அப்ப உங்களுக்கு மாமா?"

"எனக்குச் சாக்கு போதும்."

தை 1, வியாழன். பொங்கல்

கெட்டது குடி.

கம்பளியை எடுத்தால் பானெட் முழுக்க மயிர். குளிரில் மெழுகு காயவே இல்லை. பசபசப்பில் கம்பளி நூல் அப்பிக்கொண்டது. பதறிப்போய் அந்தக் கம்பளியாலேயே துடைத்தேன். அதுதான் பெரிய முட்டாள்தனம். சிலந்தி வலை போல் கீறல். சாயங்காலம் ராசு வருவார்.

முருகன் பார்த்தான். கரும்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி பசை. பனியன் துணி எல்லாம் மொரமொரப்பு. வீட்டிலேயே மிருதுவான துணி எது? நான் உடுத்தியிருந்த வேட்டி. துவைத்துத் துவைத்துப் பழுத்தது. உள்ளே போய் லுங்கிக்கு மாறி, வேட்டியைக் கிழித்தேன்.

செல்வி: "நல்ல நாளும் அதுவுமா வேட்டியக் கிழிக்கிறீங்களே!"

"ரேசன்ல குடுத்த புது வேட்டி இருக்கில்ல."

பால் பொங்கியது. குலவைச் சத்தம் மட்டும் காதில். நான் போகவில்லை. கீறல் ஒன்றொன்றாகப் போனது. இந்தத் தடவை மெழுகு போட்டு, நன்றாகக் காய்ந்து வெளுக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தேன்.

ராசு வந்தார். வண்டியிடம் குனிந்தார். பிறகு கதவைப் பார்த்து மீசையை முறுக்கினார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"ஏனுங்க, இது அதே வண்டிதானுங்களா?"

"கையத் தொடைச்சிட்டுத் தொடுங்க" என்றேன்.

கோயமுத்தூர் கார் வேண்டாமாம்!

(மாமா சாயங்காலம் முற்றத்தில் தனியாக ஆடினார். எழுதாதே என்றார். எழுதிவிட்டேன். செல்வி.)

தை 4, ஞாயிறு

விடியற்காலை பனி, பிறகு பளீர் வெயில். பானெட் மேல் விழுந்த பனித்துளிகள் கோலிக்குண்டு போல் உருண்டோடின.

பூ கட்ட வந்தவன் பசை டேப்பை எடுத்தான். நான் போட்ட சத்தத்தில் டேப்பைக் கீழே போட்டுவிட்டான். நூலால்தான் கட்டினான்.

மணப்பெண் ஏறும் முன் கதவைப் பார்த்து நெற்றிப்பொட்டைச் சரிசெய்தாள். எனக்கு அதுவே கல்யாணச் சாப்பாடு. புது வேட்டி மொடமொடவென்று நிற்க, நான் முன்சீட்டில். மண்டப வாசலில் மூன்று பேர் முருகனிடம் கேட்டார்கள், மாசியில் வண்டி சும்மா இருக்குமா என்று.

சாயங்காலம் வீடு வந்தால், வாசலில் மேட்டுப்பாளையத்து இரும்புக்காரர். சொன்ன நாளுக்கு வந்துவிட்டார். தீபாவளிக்கு ஒருமுறை வந்து பார்த்துப் போனவர்தான். வண்டியின் பக்கத்திலேயே நின்று, கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டே கேட்டார்.

"எங்கண்ணா அந்தப் பழைய வண்டி?"

முருகன் என்னைப் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த வேட்டித் துண்டால் கதவில் இருந்த கைரேகையைத் துடைத்தான்.

"அதுவா? அது போயிருச்சுங்கண்ணா."

இன்று கம்பளி எனக்கு.