மூன்றாம் தூணுக்கடியில் வைத்த அட்டை

இன்று காலை மேசைமேல் இருக்கும் நம் குட்டிப் பாலத்தைத் தூசி தட்டத் தூக்கினேன். மூன்றாம் தூணின் அடியிலிருந்து ஒரு துண்டு அட்டை மடியில் விழுந்தது. பிஸ்கட் பெட்டியில் வெட்டியது, சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. வெட்டி வைத்தவள் நான். நீ வேண்டாம் என்றாய். படம் எடுத்து உனக்கு அனுப்பப் போனை எடுத்துவிட்டேன். அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

குட்டி ரயிலும் பாலமும் பொம்மையாகச் செய்கிறவர்களின் போன் குழுவில்தான் நாம் பழகினோம். நான் சிரம்பான் பிளாட்டில், நீ புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். குழுவில் எல்லாரும் பனிமலைப் பாலங்களாகக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது உன் குரல்செய்தி வந்தது.

"பனிய நம்மள்ல யாருடி பார்த்தா? எங்க தோட்டத்துலயே அஞ்சு தூண் பாலம் இருக்கு லா. வா, அளந்து கட்டலாம்."

பார்த்ததும் கத்தியே விட்டேன். தோட்டத்துச் சிற்றாறான சுங்கையின் குறுக்கே ஐந்து செங்கல் தூண்கள்! ஒரு காலத்தில் கித்தா என்கிற ரப்பர்ப் பால் ஏற்றிய சின்ன ரயில் அதன்மேல் ஓடியதாம். தண்டவாளத்தைப் பெயர்த்துப் பலகை அடித்து இப்போது மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. நீ வேலைக்குப் போவதும் அதன்மேல்தான். எனக்கு அது பாலமாகவே தெரியவில்லை. எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி மேசைமேல் வைத்தால் எப்படி இருக்கும் என்பதுதான் தெரிந்தது.

நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றோம். தூக்குக்குண்டு வேண்டும் என்றது ஒரு வீடியோ. நீ உன் மோட்டார் பெட்டியில் கிடந்த பழைய நட்டை நூலில் கட்டினாய். தூணின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, அடியில் நூலுக்கும் செங்கல்லுக்கும் உள்ள இடைவெளியை அளப்போம். மூன்றாம் தூணில் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் வந்தது. பழைய தூண், கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்று எழுதிக்கொண்டோம்.

மழைக்காலம் முடிந்து, செங்கல் வரிசையை எண்ண மறந்துபோனதால் மறுபடி போனோம். இந்த முறை நான் மேலே, நீ தண்ணீரில்.

"ஏய், தொண்ணூத்தஞ்சு காட்டுது."

"போன தடவ முப்பத்தெட்டுடி. நீ ஸ்கேல தலைகீழா பிடிச்சிருப்ப."

"மூணு தடவ பார்த்துட்டேன். இன்னொண்ணு, போன தடவ இங்க தண்ணி முட்டி வரைக்கும்தான். இப்ப அடிமண்ணே இல்ல, இடுப்புக்கு வருது."

"மழைத் தண்ணி லா. நூலும் காத்துல ஆடியிருக்கும். கணக்கு போட்டுப் பாரு, நம்ம அளவுல அந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. யாருக்குத் தெரியப்போகுது?"

கரையேறி, கால்சட்டையைப் பிழிந்தபடி, "அப்பாகிட்ட சொல்லவா?" என்றாய்.

"என்னன்னு? பொம்மைப் பாலத்துக்கு அளவு இடிக்குதுன்னா? சிரிக்கப்போறாரு."

நீயும் சிரித்துவிட்டாய்.

ஆனாலும் மூன்றாம் தூணை நீ தொண்ணூற்றைந்துக்கே கட்டினாய். நுரை அட்டையில் பேனா முனையால் ஒவ்வொரு செங்கல்லாகக் கீறி, சாய்வு மாறாமல் ஒட்டினாய். மேலே ரசமட்டத்தை வைத்தால் குமிழ் ஓரமாக ஒதுங்கியது. குழுவில் போடப்போகும் வீடியோவில் அது அசிங்கமாகத் தெரியும் என்று எனக்குப் பதற்றம். பிஸ்கட் பெட்டியை வெட்டி அடியில் சொருகினேன். குமிழ் நடுவுக்கு வந்தது.

"பொய் சொல்றடி. பாலம் அப்படியா நிக்குது?" என்றாய்.

வீடியோவுக்குக் கைதட்டல்கள் குவிந்தன. ஒருவர் மட்டும், கூடவே போட்ட நிஜப் பாலத்தின் படத்தில் மூன்றாம் தூண் சாய்ந்திருக்கிறதே என்று கேட்டிருந்தார். கேமரா லென்ஸ் வளைவு என்று பதில் போட்டேன். என் பதில் எல்லாவற்றுக்கும் இதயம் போடுகிறவள் நீ. அதற்கு மட்டும் போடவில்லை.

அடுத்த மழையில், மூன்றாம் நாள் காலை, உன் கடைசிக் குரல்செய்தி வந்தது. "தண்ணி நல்லா ஏறிருச்சு. மூணாவது தூண் பக்கம் ஒரே இரைச்சல். அங்க போயி வீடியோ எடுத்து அனுப்புறேன். ஆத்துத் தண்ணி செய்ய உனக்கு உதவும்."

வீடியோ வரவில்லை. தூணோடு பலகையும், பலகையோடு உன் மோட்டாரும், நீயும் போய்விட்டீர்கள்.

இப்போது இரண்டாம் தூணுக்கும் நான்காம் தூணுக்கும் நடுவே இரும்பு உத்தரம் போட்டு, மறுபடி மோட்டார் விடுகிறார்கள். மூன்று தூண் தாங்கிய பாரத்தை இரண்டு தாங்குகிறது. உன் அப்பா தினமும் அதில்தான் போகிறார். நான் ஞாயிறுதோறும் நட்டை எடுத்துக்கொண்டு போய் நான்காம் தூணை அளக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தொன்று, இருபத்தொன்று, இருபத்திரண்டு. போன வாரம் முப்பத்து நான்கு. பஸ்ஸில் திரும்பும்போது, நூல் ஆடியிருக்கும் என்று என் வாயே முணுமுணுத்தது.

ஒரு வாரம் அப்படியே இருந்துவிட்டேன். இன்று அட்டை விழுந்தது.

மதியம் போனேன். நாற்பத்தொன்று. நான்காம் தூணடியில் ஒரு மீட்டர் ஸ்கேலை முழுதாக இறக்கியும் மண் தட்டுப்படவில்லை. மழையே இல்லை, ஆனாலும் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அக்கரையிலிருந்து உன் அப்பாவின் மோட்டார் சத்தம் கேட்டது. கையை ஆட்டி நிறுத்துவதற்குள் பலகைகள் தடதடக்க இக்கரைக்கு வந்துவிட்டார்.

"என்ன பாப்பா, இன்னும் பொம்மைக்கு அளவா?"

"இல்ல அங்கிள், இது நிஜத்துக்கு. இந்தத் தூணும் சாயுது."

நோட்டை வாங்கி எண்களைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். உன் கையெழுத்து. முப்பத்தெட்டு. அதன் கீழே தொண்ணூற்றைந்து, என் பேனாவால் அடிக்கப்பட்டு.

"முன்னாடியே அளந்தீங்களா?"

"அளந்தோம் அங்கிள். அவ சரியாத்தான் பார்த்தா. உங்ககிட்ட சொல்லவான்னுகூட கேட்டா. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு மோட்டாரை உருட்டிக்கொண்டு போய்ப் பாலத்தின் வாயில் குறுக்கே படுக்கப் போட்டார்.

"வேலைய மேய்க்கிற மண்டோர் வரட்டும். எத்தன பேரு ஏசுனாலும் இன்னைக்கு எவனும் இதத் தாண்டக்கூடாது" என்றார். சற்றுக் கழித்து, "ஒத்த ஆளு நடந்தா தாங்கும். நீ அந்தப் பக்கம் போயி நில்லு. அங்கேருந்து வர்றவங்களுக்கு யாரு சொல்றது?" என்றார்.

அக்கரைக்குப் போக வேறு வழி இல்லை. பாலத்தின்மேல் நடந்தேன். நான்காம் தூணைக் கடக்கும்போது காலடியில் ஏதோ முனகியது. சட்டைப் பையில் உன் நட்டு. பைக்குள்ளேயே அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.