முற்றத்துக்குப் போன பந்து பூஜை

மலையாள வருஷம் 1112, ஐப்பசி 28, வெள்ளி

விடியற்காலை முதல் மழை. குடை பிடித்தும் நனைந்தே தாலுகா கச்சேரி சேர்ந்தேன். அங்கே யாரும் பேனாவைத் தொடவில்லை. ஒரே பேச்சு. இனி எந்தச் சாதி இந்துவும் கோயிலுக்குள் போகலாம் என்று மகாராஜா விளம்பரம் செய்துவிட்டார். தலைமைக் குமாஸ்தா வாசிக்கக் கேட்டோம். ஒருவர் கண்ணைத் துடைத்தார். ஒருவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். வெற்றிலையாகவும் இருக்கலாம்.

என் அபிப்பிராயம்: நல்ல காரியம். இங்கே எழுதுகிறேன். வெளியே சொல்லவில்லை.

பத்திரிகையில் மற்றவை: மதராஸ் பக்கம் தேர்தல் பேச்சு. நமக்கென்ன. பம்பாயில் கிரிக்கெட். இந்துவுக்கு ஒரு டீம், முஸ்லிமுக்கு ஒன்று, பார்சிக்கு ஒன்று, வெள்ளைக்காரனுக்கு ஒன்று. இதுவும் ஒரு விளையாட்டா? வெட்கக்கேடு.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், மகள் வள்ளிக்கு இருமல் மருந்து. குடைக்குக் கம்பி போட வேண்டும்.

ஞாயிறு புட்பால் பைனல். எதிரே கடற்கரை டீம். மணலில் ஓடி வளர்ந்த பயல்கள், மூச்சு வாங்கவே மாட்டான்கள். நமக்கு நம்பிக்கை சுடலை ஒருவன்தான். லெப்ட் அவுட், இடது ஓரம். ஏர் பிடிக்கிறவன், சேற்றில் அவன் கால் வழுக்காது. போன வாரம் பூதப்பாண்டி டீமை ஜெயித்ததும் அவன் காலால்தான். யார் என்ன சொன்னாலும் சரி, இந்தத் தாலுகாவில் அவனைப் போல் ஆட்டக்காரன் கிடையாது.

29, சனி

மழை விட்டது. வானம் மூடியே கிடக்கிறது.

சாயாக் கடையில் கேட்டது:
"நேத்தைக்கு நாலஞ்சு பேரு உள்ள கேறிட்டானுவளாம்."
"சாமி எந்திரிச்சா போயிட்டாரு? சும்மா கிடயும் வே."

நம் டீமுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் பந்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய் நடையில் வைப்பார்கள். பூஜை செய்யும் போத்தி பந்துக்குச் சந்தனம் தொட்டு வைப்பார். ஆட்டக்காரர் நெற்றிக்கெல்லாம் திருநீறு. சுடலை மட்டும் தெருமுனையில், குளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பான். கோயில் வாசலை அவன் சாதி நெருங்கக் கூடாது. அவன் பங்குத் திருநீறு வாழையிலைத் துண்டில் போகும். கை படாமல் மேலிருந்து போடுவார்கள்.

நாளை அவனும் உள்ளே வந்து வரிசையில் நிற்பான் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, பொய்யில்லை.

மாலை கேப்டன் நல்லபெருமாள் வீட்டில் கூட்டம். டீம் கணக்கு எழுதுகிறவன் என்பதால் நானும் போனேன். பெரிய வீட்டுப் பிள்ளை. சுடலை உழுவது அவர்கள் வயலில். ந.பெ. சொன்னான், நாளை பந்து பூஜை கோயிலில் இல்லை, தன் வீட்டு முற்றத்தில் என்று. போத்தி அங்கேயே வருவாராம். சுடலை தெருவாசலுக்கு வெளியே நின்றால் போதும், திருநீறு இலையில் வரும். எதற்கு இந்த மாற்றம் என்று கோல்கீப்பர் கேட்டான்.

"கோயிலு எல்லாருக்கும் உள்ளதுன்னு ராஜா சொல்லியாச்சு. நம்ம வீட்டு முற்றத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல்லியே" என்றான் ந.பெ.

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. பம்பாய்க்காரனுக்குப் புத்தி சொல்ல வந்த வாய். டீம் உடையாமல் இருந்தால் கப்பு வரும் என்று எனக்கு நானே சமாதானம். தூ.

சுடலைக்குச் சொல்லி அனுப்பினார்கள். சரி என்றானாம்.

30, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு வெயில். பள்ளிக்கூட மைதானம் சதசத என்று கிடந்தது. கோயில் மதிலுக்குப் பின்னால்தான் மைதானம். கடற்கரைக்காரர்கள் முன்னதாகவே வந்து, வட்டமாக நின்று ஜெபம் சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பார்க்கப் பொறாமையாக இருந்தது.

நம்மவர் பத்துப் பேர் நெற்றியிலும் முற்றத்துத் திருநீறு. சுடலை இல்லை. தெருவாசலுக்கே வரவில்லையாம். அவன் பங்கு, மடித்த இலையில், ந.பெ. கையில் இருந்தது.

"நீரு போயி விளியும் வே. நீரு சொன்னா கேப்பான்" என்று இலையை என்னிடம் திணித்தான்.

ஓடினேன். இந்த இரைப்பு நோயோடும் ஓடினேன். குடிசையில் ஆள் இல்லை. அம்மையும் மகனும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள் என்றாள் அடுத்த வீட்டுப் பெண்.

கோயிலில் கூட்டமே இல்லை. நம் தெருக்காரர் ஒருவரையும் காணோம். சன்னதிக்கு நேரே அவர்கள் இரண்டு பேர் மட்டும். அவன் ஈரத் தலையோடு. அம்மைக்காரி தூணைப் பிடித்துக்கொண்டு. அழவில்லை, கும்பிடக்கூட இல்லை. உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள்.

அருகே போய் மெதுவாகச் சொன்னேன். ஆட்டம் தொடங்கப் போகிறது, நீ இல்லாவிட்டால் தோற்போம், ஊர் மானம் போய்விடும்.

திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. எப்போதும் பணிந்து சொல்லும் 'ஏமானே'யும் இல்லை.

"அம்மை இன்னும் பாத்துத் தீரல்ல" என்றான்.

மதிலுக்கு அப்பால் விசில். ஆள் வரமாட்டான் என்று ந.பெ.யிடம் சொல்லவாவது நான் போயிருக்க வேண்டும். கையில் அந்த இலை. அவனிடம் நீட்டக் கூசியது. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவர்கள் இருவருக்கும் பின்னால் நின்றேன். சற்று நேரத்தில் மைதானத்தில் பெரிய இரைச்சல். கோல். யார் போட்டது என்று பார்க்க நான் போகவில்லை.