அதிக லிட்டர் ரெகுலேட்டரைத் திரும்பப் பெற வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்
ஞா. ஜெனிபா,
பதினோராம் வகுப்பு மாணவி,
த/பெ. ஞானரத்தினம்,
சங்கரன்கோவில்.

பெறுநர்
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
சங்கரன்கோவில்.

பொருள்: கரைமேடு தன்னார்வ மீட்புக் குழுவுக்கு வழங்கிய நீர்மூழ்கி ரெகுலேட்டரை எங்களிடமே விட்டுவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே கருவி வேண்டாம் என்று எங்கள் குழு சென்ற வாரம் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கிணற்றில் விழுந்தவர்களை மீட்கும் எங்கள் குழுவுக்குத் தங்கள் அலுவலகம் ஒரு புதிய ரெகுலேட்டர் வழங்கியது. தண்ணீருக்குள் இருப்பவர் மூச்சை இழுக்கும்போது சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கும் கருவி அது. குழுவில் மூழ்குபவர் என் அப்பா. மற்ற நாட்களில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். கருவி கொடுத்ததற்கு முதலில் எங்கள் வீட்டின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. அப்படியிருக்க, அதை வேண்டாம் என்று எழுதியதற்குக் காரணம் பெட்டியில் அச்சிட்டிருந்த "நிமிடத்திற்கு 1800 லிட்டர்" என்ற வரி. குழுவின் செயலாளர் திரு. சண்முகையா மோட்டார் பழுது பார்ப்பவர். எங்கள் பக்கம் மோட்டார் வாங்குகிற எவரும் முதலில் கேட்பது, அது எத்தனை லிட்டர் தள்ளும் என்பதைத்தான். சிலிண்டர் கொள்ளும் காற்று 2400 லிட்டர். அவர் வகுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணர நிமிசத்துக்குள்ள சிலிண்டர் காலி. ஞானரத்தினம் பாதிக் கிணறு எறங்குததுக்குள்ள மூச்சு முடிஞ்சிரும்வே" என்றார். எல்லோரும் பயந்துவிட்டார்கள். என் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்.

3. நான் கருவியோடு வந்த கையேட்டையும், பள்ளி நூலகத்திலிருந்த இயற்பியல் நூல்களையும் படித்துப் பார்த்தேன். மோட்டார் தானாகத் தள்ளும். ரெகுலேட்டர் நாம் இழுத்தால்தான் கொடுக்கும். 1800 என்பது அந்தக் கருவியால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. அது செலவாகும் அளவு அல்ல. சொம்பு பெரிது என்பதற்காக யாரும் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதில்லை. இதை நான் செயலாளரிடம் சொன்னபோது, "ஏட்டி, நீ பரிச்சைக்குப் படி. லிட்டர் கணக்க நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். அவர் என்னைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவர் என்பதால் எனக்கு வருத்தமில்லை.

4. ஆனால் அப்பா யோசிக்கத் தொடங்கிவிட்டார். அதற்கும் காரணம் உண்டு. கோடையில் மேலநீலிதநல்லூர் சாலையோரக் கிணற்றில் ஒரு சுமை ஆட்டோ விழுந்தது. ஓட்டுநர் நீந்திக் கரையேறிவிட்டார். ஆட்டோவுக்குச் சங்கிலி மாட்டப் பழைய ரெகுலேட்டருடன் இறங்கிய அப்பா, வேலையைப் பாதியில் விட்டு மேலே வந்தார். உதடு நீலமாக இருந்தது. "வாயில துணிய அமுக்கிக்கிட்டு மூச்சு விட்ட மாரி இருந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

5. சென்ற ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், திரு. தங்கப்பழம் அவர்களின் தோட்டத்துக் கிணற்றில் புதிய கருவியைச் சோதித்தார்கள். அப்பா இடுப்பில் கயிறு கட்டி அடிவரை இறங்கினார். கயிற்றைச் செயலாளரே பிடித்திருந்தார். ஒன்றரை நிமிடம் ஆனதும் கயிற்றை இழுக்கப் போனார். கீழேயிருந்து, நலமாக இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக அப்பா ஒருமுறை சுண்டினார். இப்படியே இருபது நிமிடம் போயிற்று. மேலே வந்தபோது காற்றழுத்தமானியின் முள் பாதிக்குக்கூட இறங்கவில்லை. "வீட்ல கட்டில்ல படுத்துக்கிட்டு மூச்சு விட்ட மாரி இருக்கு அண்ணாச்சி" என்றார் அப்பா. செயலாளர் முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

6. இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் தவறு செய்தவளாவேன். 1800 லிட்டர் என்பதற்காக இந்தக் கருவியைக் கேட்கவில்லை. எங்கள் கிணற்று ஆழத்தில் ஒருவருக்கு எவ்வளவு மூச்சிரைத்தாலும் நிமிடத்திற்கு நூற்றைம்பது லிட்டர் போதும். பழைய கருவியின் பெட்டியிலும் 850 என்றுதான் இருக்கிறது, அதுவே மிகுதி. அதன் குறை எண்ணில் இல்லை. பல ஆண்டுகளாகப் பிரித்துச் சுத்தம் செய்து ரப்பர் வளையங்களை மாற்றாததால் அது இறுகிவிட்டது. பராமரிக்காவிட்டால் 1800-ம் அப்படித்தான் ஆகும்.

7. இவற்றைச் செயலாளரே தங்களுக்கு எழுதியிருக்கலாம். "வேண்டாம்னு எழுதின கையால வேணும்னு எப்படி எழுத? நீதான படிச்ச, நீயே எழுது" என்று கூறிவிட்டார். தங்கள் அலுவலக வண்டி வெள்ளிக்கிழமை வந்து கருவியை எடுத்துச் செல்லும் என்று தகவல் வந்திருப்பதால் விரைந்து எழுதுகிறேன்.

ஆகவே, பார்வையில் கண்ட கடிதத்தை ரத்து செய்து புதிய கருவியை எங்கள் குழுவிடமே விட்டுவைக்கவும், இரண்டு கருவிகளையும் ஆண்டுதோறும் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்துப் பராமரிக்க ஏற்பாடு செய்யவும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அழைப்பு எந்த நேரமும் வரலாம். வந்தால் அப்பா கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அது இறுகிய கருவியாக இருந்தாலும் இறங்கிவிடுவார். தாங்கள் அவரைத் தடுக்க வேண்டியதில்லை, ஐயா. வெள்ளிக்கிழமை வண்டியை மட்டும் தடுத்தால் போதும்.

இடம்: சங்கரன்கோவில்
நாள்: 15.07.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஞா. ஜெனிபா

மேலே எழுதியவை சரி. வகுத்தது நான்தான்.
(ஒப்பம்) சண்முகையா, செயலாளர்