உரிமம் பெற்ற கணவாய்

இன்று காலை முன்னறையிலிருந்து அந்த வாசம் வந்தது. பழைய படக்குழாய் சூடேறும்போது அதன்மேல் படிந்த தூசி காய்கிற வாசம். வாழைக்காய்க் கறியை இறக்கிக்கொண்டிருந்தவள் அகப்பையும் கையுமாக ஓடி வந்தேன். உங்கள் வீடியோ விளையாட்டுப் பெட்டி வெளிச்சமாக நின்றது! நீலக் கடல், சின்ன நீர்மூழ்கி, மேலே கால்களை விரித்துக்கொண்டு இறங்கி வரும் உங்கள் பரம எதிரியான கணவாய். நான் கை தட்டினேன். இந்த வயதில், அகப்பையோடு.

இன்று உங்கள் ஆண்டுத் திவசம். பெட்டிக்குப் பின்னால் திருப்புளியோடு இருந்த உங்கள் தம்பி தலையை நீட்டினார்.

"மச்சாள், சைவப் படையலுக்குப் பக்கத்திலை கணவாயோ? ஐயர் வந்தால் என்ன சொல்லுறது?"

"உரிமம் பெற்ற கணவாய் எண்டு சொல்லும்."

அவர் நிலத்தில் இருந்தபடியே சிரித்தார். அந்த உரிமத்துக்கு நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போரில் மூடியிருந்த கொழும்புப் பாதை திறந்தபின் மானிப்பாயில் நாம் நடத்திய கூல் பாரை நினைக்கிறேன். கொழும்பில் மூடப்பட்ட ஒரு கடையிலிருந்து இந்தப் பெட்டியை லொறியில் ஏற்றி வந்தீர்கள். ஒரு பெட்டி, அதற்குள் மின்சுற்றுப் பலகையாக ஒரு போர்ட், அதில் ஒரே ஓர் ஆட்டம். ஐஸ்கிறீம் குடிக்க வந்தவர்களைவிட நீங்கள்தான் அதிகம் விளையாடினீர்கள். "உந்தக் கணவாயைப் பிடிச்சுக் கறி வைக்காமல் விடமாட்டன்" என்று கத்துவீர்கள். அடுத்த நிமிடமே அது உங்களை விழுங்கிவிடும்.

பிறகு ஒருநாள் அந்த வியாபாரி வந்தார். அவருடைய கையில் உள்ளங்கையளவு போர்ட். "அம்மா, இதுக்குள்ளை அறுநூறு ஆட்டம். பழையதைக் கழற்றிப்போட்டு இதைப் பூட்டினால் சரி."

"அறுநூறையும் செய்த ஆக்களிட்டைக் கேட்டனீங்களோ?"

"அவையெல்லாம் யப்பானிலை, அம்மா."

"ஏன், யப்பானுக்குத் தபால் போகாதோ?"

நீங்கள் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதை நான் பார்த்தேன். வியாபாரி போனபின் சிரிப்பு வாதமாகிவிட்டது. "கன்னியாஸ்திரிகள் வளர்த்த பிள்ளை அப்பிடித்தான் கேக்கும்" என்று தொடங்கினீர்கள். "இந்தக் கணவாயைச் செய்த கொம்பனியே இப்ப இல்லை. விக்கிறதுக்கும் ஆளில்லை, திருத்துறதுக்கும் ஆளில்லை. பிரதி எடுத்து வைச்சிருக்கிறவனும் இல்லாட்டி ஆட்டம் செத்துப் போகும். அவன் கள்ளனோ?"

கொம்பனி மூடினால் உரிமை ஆவியாகிவிடாது, அது வேறொருவர் கைக்குப் போயிருக்கும் என்றேன். நம் நாட்டுச் சட்டமும் கணினி நிரலை ஒரு நூலைப்போலக் காக்கிறது. கடையில் கிடைக்காத புத்தகத்தை அச்சடித்து விற்க யாருக்கும் அனுமதியில்லை. இவ்வளவும் சொன்னபின்தான் என் மனத்தில் கிடந்ததைச் சொன்னேன். போரில் நாம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்தபோது நம் வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை, கதவு நிலைகளையும் பிடுங்கியிருந்தார்கள். கொண்டுபோனவர்கள் சொன்ன காரணம் இதேதான்: ஆளில்லாத வீடு.

"ஆளில்லை எண்டு சொல்லுறவைக்கு நான் ஒருநாளும் ஓம் சொல்லமாட்டன்" என்றேன்.

நீங்கள் குளிர்ப்பெட்டியைச் சாத்தினீர்கள். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்: "ஆனால், எங்கடை கலியாணப் படத்தைக் கழற்றிக்கொண்டு போய், மழை படாமல் தன்ரை வீட்டிலை வைச்சிருந்து, நாங்கள் வந்த அண்டைக்கே கொண்டுவந்து தந்த பக்கத்து வீட்டுக்காரர்? அவரும் எங்களைக் கேக்கேல்லை. அவரையும் கள்ளன் எண்டு சொல்லுவீரோ?"

நான் பூட்டை எடுத்தேன். கடை பூட்டும் நேரமாயிற்று என்றேன். நீங்கள் போகும்வரை அந்த வழக்கு அப்படியே நின்றது.

கடையை வாடகைக்குக் கொடுத்தபோது பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்; இந்த வருடம் அதன் போர்ட் இறந்துவிட்டது. உப்புக் காற்றும் கசிந்த பற்றரியும் அதைத் தின்றுவிட்டன. உங்கள் திவசத்துக்கு உங்கள் பெட்டித் திரை மறுபடி எரியவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன, பிடிவாதம். தம்பி உடனே வழி சொன்னார்.

"அந்த அறுநூறு ஆட்ட மல்டிகேம் போர்ட் ஒண்டு வாங்கிப் பூட்டுவம், மச்சாள். அதுக்குள்ளை கணவாயும் இருக்கு."

"களவெடுத்த பொருளை அவருக்குப் படைக்கமாட்டன்."

"அண்ணையின்ரை பழைய போர்ட் எங்களிட்டை இருக்குத்தானே. அப்ப அதின்ரை பிரதி எங்களுக்குச் சொந்தமில்லையோ?"

"கணவாய்க்கு நியாயம் கேட்டுப் பாக்கலாம். மிச்சம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கும் என்ன சொல்லுவீர்? செத்த போர்ட் அவ்வளவுக்கும் அத்தாட்சியோ?"

"அப்ப பெட்டி எரியாது" என்றார் தம்பி. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அதன்பின் நானே தேடத் தொடங்கினேன். டப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாசிப்புக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து. எமுலேட்டர் என்பது பழைய இயந்திரத்தைப் போல நடந்துகொள்ளும் ஒரு நிரல், அதைத் தனியே எழுதுவது பொதுவாகக் குற்றமில்லை, அதற்குள் ஊட்டப்படும் ஆட்டத்தின் பிரதி யாருடையது என்பதே கேள்வி என்று படித்தேன். என் கேள்வியும் அதுதானே! எமுலேட்டர்மீது இருந்த கோபத்தை அன்றே விட்டுவிட்டேன். பிறகு ஒரு மாலை, நம் கணவாய் கண்ணில் பட்டது. பெயர், படம், நீர்மூழ்கி எல்லாம் அதேதான். இன்னொரு கொம்பனி உரிமையை வாங்கி, முறைப்படி மீண்டும் வெளியிட்டிருக்கிறது! உடையவர் இருந்தார், பாருங்கள். இவ்வளவு காலமும் இருந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து உங்கள் படத்துக்கு முன்னால் போய், "தோத்துப்போனீங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பெயரில், என் காசில் வாங்கினேன். தம்பி ஒரு சின்னக் கணினியைப் பெட்டிக்குள் வைத்து, பழைய படக்குழாயோடும் கைபிடியோடும் பொருத்தினார். இதற்குள் ஓடுவதும் எமுலேட்டர்தான் என்று நமட்டுச் சிரிப்போடு சொன்னார். அனுமதியோடு ஓடுகிறது என்றேன்.

படையல் முடிந்தபின் நான்தான் முதலில் விளையாடினேன். கணவாய் என்னையும் விழுங்கியது. ஆட்டத்துக்கு உழைத்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடின. யாருடைய பெயரையும் வாசிக்காமல் விடுவது மரியாதையில்லை என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு நன்றிக் குறிப்பு. மூலப் பிரதி வெளியிட்ட கொம்பனியிடமே அழிந்து போய்விட்டதாம். சேகரிப்பாளர்கள் பல வருடங்களாகப் பாதுகாத்து வைத்திருந்த பிரதியிலிருந்துதான் இந்த வெளியீட்டைச் செய்தார்களாம்.

நான் சத்தம் போட்டிருக்கவேண்டும். தம்பி சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார்.

"என்ன மச்சாள், கறண்ட் அடிச்சிட்டுதோ?"

"இல்லை. உம்மடை அண்ணை வெண்டிட்டார்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். கேட்காமல் கழற்றிக்கொண்டு போய், மழை படாமல் வைத்திருந்து, உடையவர் வந்த அன்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லாமல் கடையைப் பூட்டினேன் அல்லவா? பதில் இன்று என் முன்னறையிலேயே வந்து நிற்கிறது. நானும் தோற்கவில்லை: உடையவர் இருந்தார். நீங்களும் தோற்கவில்லை: காத்தவர்களும் இருந்தார்கள். இப்படியொரு தீர்ப்பை நீங்கள் இல்லாத நேரத்திலா நான் கேட்கவேண்டும்!

பின்னேரம், இப்போது கூல் பாரை வாடகைக்கு நடத்துபவர் படையல் மோதகம் வாங்கிப்போக வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"அம்மா, அப்ப கடையிலை அந்த அறுநூறு ஆட்டப் பெட்டி ஒண்டு வைக்கட்டோ?"

"ஏலாது" என்றேன். "கேக்காமல் எடுத்து விக்கிறது களவு. என்ரை கடையிலை அது நடவாது."

அவர் தலையாட்டிக்கொண்டு படியிறங்கினார். "ஆனால்" என்று நான் கூப்பிட்டேன். அவர் நின்று திரும்பிப் பார்த்தார். விற்பவர்களையும் காத்து வைப்பவர்களையும் ஒரே சொல்லால் அழைக்கக்கூடாது என்று படியில் நின்றபடியே அவருக்கு விளக்கினேன், மோதகம் ஆறும்வரை.

தீர்ப்புச் சொன்னபின் "ஆனால்" என்று சொல்லும் பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அந்தச் சொல் உங்களுடையது. உங்களைக் கேட்காமலே எடுத்து வைத்திருக்கிறேன்.