வழிமொழிய ஆளில்லாத தீர்மானம்

ஹெல்மார், மினசோட்டா
ஜனவரி 19, ஞாயிறு

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்களா என்பதுதான் எனக்குத் தினப்படி கவலை. நீ அனுப்பிய சால்மன் மீன் டப்பாக்கள் வந்து சேர்ந்தன, அப்பா இரண்டைத் தனக்கென்று ஒளித்து வைத்திருக்கிறார். முட்டி வலிக்குப் பனி தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்பதில்லை, நம் வாசலோடு பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளுகிறார், கேட்டால் "ஏரியில நாள் பூரா மீனுக்கு உக்காந்துதானே இருக்கேன், முட்டிக்கு அந்த ஓய்வு போதாதா" என்கிறார். போனில் இரண்டு தடவை நீ "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டாய், சளி என்று சொன்னேன். சளி இல்லை. போனில் சொல்லத் தைரியம் வராததால்தான் எழுதுகிறேன். டானிகா உனக்குச் சொல்வதற்கு முன் என் வாயாலேயே நீ கேட்டுவிட வேண்டும்.

உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவள் என்பதால் அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீ போன பிறகு நடந்தது உனக்கு முழுக்கத் தெரியாது. புருஷன் மாதத்தில் பாதி நாள் டகோட்டா எண்ணெய்க் கிணற்றில், இவள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முதியோர் இல்லத்தில் மாலை முறை வேலை பார்க்கிறாள். விளையாட்டும் இசை வகுப்பும் முடிந்து ஐந்தரை மணிக்குக் கிளம்பும் கடைசிப் பேருந்தை நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் பள்ளி வாரியத் தேர்தலில் நின்றாள். ஏரிச்சாலைப் பிள்ளைகளுக்குப் பதினான்கு மைல், அந்த வண்டி இல்லாவிட்டால் அவர்களுக்குப் பந்தும் இல்லை பாட்டும் இல்லை. ஜெயித்து வந்து நான்குக்கு மூன்று ஓட்டில் அதைக் காப்பாற்றினாள். ஏழு பேர் வாரியத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கிற ஒரே ஆள் அவள்தான், என்னையும் சேர்த்து மற்ற ஆறு பேரும் பேரன் பேத்தி எடுக்கிற வயதுக்காரர்கள். முதல் நாள் என்னைப் பழைய வழக்கத்தில் மிசஸ் நைகார்ட் என்றாள், "இனிமே நாம சரிசமம்டி, பேரச் சொல்லிக் கூப்பிடு" என்றேன், லவோன் என்று சொல்ல அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

வாரிய உறுப்பினர்களுக்குக் கூட்டத்துக்கு அறுபது டாலர் படி, பத்தொன்பது வருடமாக அதே அறுபது. கூட்டம் என்றால் அவளுக்கு ஒரு மாலைச் சம்பளம் போகும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணுக்கு வேறு கொடுக்க வேண்டும். அக்டோபரில் ஒரு நாள் நம் சமையலறையில் காபி குடித்துக்கொண்டே, "ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் கைக்காசு போட்டுத்தான் வர்றேன் லவோன், இப்படியே போனா அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன்" என்றாள். படியை நூற்றைம்பதாக்கக் கேட்கலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். "நீ முன்மொழி, நான் வழிமொழியறேன்" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். தலைவர் வெண்டல், நம் பழைய மாட்டு டாக்டர், தேவாலயச் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னிடம், "யாராவது வழிமொழிஞ்சு வச்சா நான் ஓட்டுப் போட்டுடறேன் லவோன், ஆனா ஆரம்பிக்கிறவன் நானா இருக்க மாட்டேன்" என்றார். இன்னொருவரும் தலையாட்டிவிட்டார். நான்கு ஓட்டுத் தேறிவிட்டது, என் ஒரு வார்த்தைதான் பாக்கி.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். என் படியை நான் ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, பதினான்கு வருடமாகப் பள்ளி நூலகத்துக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன், அது ஊருக்கே தெரியும். தெரியும்படி நான்தான் பார்த்துக்கொண்டேன். அப்பாவின் ஓய்வூதியத்தில் உட்கார்ந்துகொண்டு அறுபது டாலரைத் தூக்கிக் கொடுப்பது பெரிய தியாகமா? ஆனால் அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது கிர்ஸ்டன்.

நவம்பர் கூட்டத்துக்கு வழக்கமாக வருகிற மூன்று பேருக்குப் பதில், கூட்டம் நடக்கும் பள்ளி நூலகம் முழுக்க ஆட்கள். முந்தின வாரம்தான் பள்ளிச் சமையல்காரிகளின் வேலை நேரத்தைக் குறைத்திருந்தோம், அந்தக் கோபம். தேவாலயத்தில் நமக்கு முன்வரிசையில் உட்காருவானே, பீட் கிழங்கு விவசாயி ஆர்லோ, அவன்தான் முதலில் எழுந்தான். "சோறு போடறவளுக்கு ஒரு மணி நேரத்த வெட்டிட்டு, நாற்காலியில உக்கார்றவங்களுக்குப் படியக் கூட்டறீங்களா? நல்லா இருக்கே உங்க நியாயம்!" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதோடு விட்டிருக்கலாம். என்னைக் கைகாட்டி, "லவோனப் பாருங்க, பதினாலு வருஷமா ஒத்தக் காசு தொட்டதில்ல, அந்த மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும்" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். நான் சிரித்தேன். டானிகா பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது, அவளை அடிக்க என்னைக் கோலாக எடுத்தபோது, நான் சிரித்தேன்.

அவள் தீர்மானத்தை வாசித்தாள். வெண்டல், "யாராவது வழிமொழியறீங்களா" என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. இரண்டாம் முறை கேட்டபோதுதான் திரும்பினாள். நான் தாள்களில் செருகியிருந்த கிளிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மூன்றாம் முறை வெண்டல் என்னைப் பார்த்தே கேட்டார். நான் அடுத்த தாளைப் புரட்டினேன். வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் விழுந்தது என்று எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் விதியில் உள்ள சௌகரியம் அதுதான். ஓட்டெடுப்பு நடந்தால் யார் எதிர்த்தார் என்று பெயர் வரும், வழிமொழியாமல் இருந்தால் யார் பெயரும் வராது. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் அன்றைக்கு ஒருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், டானிகா வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "இன்னொரு சமயம் பாத்துக்கலாம்டி" என்றேன். திரும்பாமலே, "ரோடு வழுக்கும், பாத்து ஓட்டுங்க மிசஸ் நைகார்ட்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டிசம்பரில் நான்கு வரியில் ராஜினாமா. அந்த இடத்துக்கு, பனிவண்டி விற்கிறானே புரூஸ், அவனை நியமித்தார்கள். "எனக்குப் படியே வேணாம், ஊருக்குச் செய்யறேன்" என்றான், அதற்கும் கைதட்டல். அவன் பிள்ளைகள் நாற்பது மைல் தள்ளித் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள், அதை யாரும் கேட்கவில்லை. போன திங்கட்கிழமை முதல் வேலையாகக் கடைசிப் பேருந்தை நிறுத்த முன்மொழிந்தான். நான் எதிர்த்து ஏழு நிமிஷம் பேசினேன், தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. நான்குக்கு மூன்று, இந்த முறை அந்தப் பக்கம். டானிகாவின் பெரியவன் இசை வகுப்பில் ஊத வாங்கியிருந்த டிரம்பெட்டைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். இலவசமாக உழைக்க முடிந்தவர்கள்தான் ஊரை ஆள வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம், அதற்கான விலையை ஏரிச்சாலைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

அதே கூட்டத்தின் கடைசியில், டானிகாவின் சேவையைப் பாராட்டி நன்றித் தீர்மானம் என்று வெண்டல் வாசித்தார். "யாராவது வழிமொழி..." என்று அவர் முடிக்கும் முன் என் கை மேலே போய்விட்டது. அது மட்டும் குறிப்பேட்டில் இருக்கிறது, வழிமொழிந்தவர் லவோன் நைகார்ட் என்று. அவள் பெயர் பொறித்த மரப்பலகை ஒன்றும் செய்து, நான்தான் அவளுக்கு நெருக்கம் என்று என் கையில் கொடுத்தனுப்பினார்கள். ஆறு நாளாக அது வண்டியின் பின் இருக்கையில் கிடக்கிறது. இரண்டு தடவை ஏரிச்சாலைத் திருப்பம் வரை போய்த் திரும்பி வந்தேன். அப்பா பலகையின் மேல் ஒரு போர்வையைப் போட்டு வைத்திருக்கிறார்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆண்டவர் உங்களைக் காக்கட்டும், யாருக்காவது வாக்குக் கொடுத்தால் அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லுகிற வாயையும் உனக்குக் கொடுக்கட்டும். காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்பியிருக்கிறேன், பெரியது மாப்பிள்ளைக்கு. ஒன்றை மறந்துவிடாதே. டானிகா உன்னிடம் பேசும்போது என்னைப் பற்றி என்ன சொன்னாலும், அம்மா நல்லவள், வயதானவள் என்று பரிந்து பேசாதே. அவள் சொல்வது சரி என்று நீயாவது அவளை வழிமொழி.

இப்படிக்கு,
உன் அம்மா
லவோன்