அக்காவின் வேனும் என் கணக்கும்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகச் சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. 'எங்கள் சேவையில் கிலோமீட்டருக்குக் கார்பன்' என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன எண் என்று பெயிண்டர் ஏணியில் உட்கார்ந்தபடி கேட்கிறார். "பூஜ்யம் போட்டுடவாம்மா? வட்டம் எனக்கு நல்லா வரும்."

எண் சொல்ல வேண்டியவள் நான். மின்சார ஸ்கூட்டர்காரர்கள் எங்களிடம் தீர்ந்த பேட்டரியைக் கொடுத்துவிட்டு, நிறைந்ததை மாட்டிக்கொண்டு போகிறார்கள். இதில் மொத்தம் எவ்வளவு புகை என்று அளக்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். டீ குடிக்கப் போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

சார்ஜ் ஏற்றும் கூடத்தில் மீட்டரும் கையுமாக நாள் முழுக்க. உள்ளே வருகிற மின்சாரம் எல்லாம் பேட்டரிக்குப் போவதில்லை. கொஞ்சம் சூடாகி வீணாகிறது, கொஞ்சம் மின்விசிறிகள் தின்கின்றன. அந்த மின்சாரமும் பாதிக்கு மேல் நிலக்கரியில் பிறந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். பெட்ரோல் வண்டிக்கு நாங்கள் எவ்வளவோ தேவலை.

எதிர்பாராதது வேன். நிறைந்த பேட்டரிகளை ஊரெங்கும் உள்ள எங்கள் பேட்டரி மாற்றும் நிலையங்களுக்கு ஏற்றிப்போகிற டீசல் வேன். கணக்கில் அது மட்டும் பூசணிக்காய் மாதிரி தனியாகத் தெரிகிறது.

வேன் என் அக்காவுடையது. ஓட்டுவதும் அவளே.

மார்ச் 7, வெள்ளி

முதலாளி வழி சொல்லிவிட்டார். "வேன் வாடகை வண்டிதானே? அது அவங்க புகை. நம்ம கணக்குல எதுக்கு?"

கேட்க எவ்வளவு இனிமை! அவருக்கும் நல்லது, அக்காவுக்கும் நல்லது, எனக்கும் வீட்டில் நிம்மதியாகச் சோறு கிடைக்கும்.

ஆனால் வேன் ஓடாவிட்டால் ஒரு பேட்டரியாவது நகருமா? அப்புறம் அது யார் புகை?

மார்ச் 10, திங்கள்

வேனைச் சேர்த்தே அறிக்கை கொடுத்தேன். நிலையங்களிலேயே சார்ஜர் வைத்தால் வேனின் நடை பாதியாகும் என்றும் எழுதினேன். வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாதென்று அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஊர்ல ஓடுற லாரி, பஸ் எதுவும் உன் கண்ணுல படலையா? என் வண்டிதான் கெடச்சுதா?"

அளக்கச் சொன்னதே இதைத்தானே. டயர் மூடிய எடுத்து அவ பக்கத்துல வெச்சுட்டு வந்துட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பேச்சுவார்த்தை அம்மா மூலம். "அவ உப்பு கேக்கறா." உப்பு எனக்கும் அக்காவுக்கும் நடுவில்தான் இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

முதலாளி ஒரு வாரம் உர்ரென்று இருந்துவிட்டு, மூன்று நிலையங்களுக்கு சார்ஜர் வாங்கிவிட்டார். சுவரில் இப்போது உண்மையான எண். பக்கத்திலேயே பெட்ரோல் வண்டியின் எண். "வட்டம்னா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றார் பெயிண்டர்.

அக்காவுக்கு நடை குறைந்துவிட்டது. நான் சொன்னது பலித்திருக்கிறது. சந்தோஷப்படவா, வேண்டாமா?

ஏப்ரல் 9, புதன்

அக்கா காலையில் பேட்டரி ஏற்றிவிட்டு, மதியத்துக்கு மேல் கட்டில், பீரோ விற்கிற ஒரு கடைக்கு ஓட்டுகிறாளாம். அம்மா சொல்லித் தெரியும்.

இன்று மதியம் அவளே ஃபோன் செய்தாள். "இங்க பாரு, ஆறு வீட்டுக்கு சாமான் ஏத்திவிட்டுட்டாங்க. எந்த வரிசையில போனா டீசல் மிச்சமாகும்?"

தெருக்களைக் கேட்டு வரிசை சொன்னேன்.

"சரி, வெக்கிறேன். இதையும் ரிப்போர்ட்ல போட்டுத் தொலைக்காதே."

வைக்கவில்லை. கடைக்காரர் எப்படிச் சிடுசிடுக்கிறார் என்று முழுசாக நடித்துக் காட்டிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினாள்.