கவிழ்க்காத கிண்ணம்

மாமா,

இதனால் குப்பத்துச் சகல சனங்களுக்கும், ஏரிக்கரைப் பெரியவர்களுக்கும், கோட்டையில் குடியிருக்கும் ஒல்லாந்துத் துரைமார்களுக்கும் தெரியப்படுத்துவது என்னவென்றால், முந்தாநாள் முதல் நம் வீட்டுக் கோழிகள் தூங்குவதில்லை. சேவல் நினைத்த நேரத்துக்கெல்லாம் கூவுகிறது. பெட்டைகள் இரண்டும் கூரை மேல் ஏறி நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன. இதற்குக் காரணம் பேயும் அல்ல, பில்லியும் அல்ல. உன் பெண்டாட்டிதான்.

முகத்துவாரத்தில் ஒரு மரப்பெட்டி ஒதுங்கியது. ஏதோ கப்பலிலிருந்து விழுந்திருக்க வேண்டும். உள்ளே ஈயத் தகடு, அதற்குள் கருகருவென்று சுருண்ட இலை. அக்கா மோந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, எலிப் புழுக்கை மாதிரி!" என்று வாசலில் கொட்டினாள். அவளுக்குப் பெட்டிதான் வேண்டியிருந்தது, கருவாடு போட்டு வைக்க. கொட்டியதைக் கோழிகள் கொத்தித் தின்றன. மீந்தது ஈர மணலில் ஊறிக் கிடந்தது. வெயில் ஏறியதும் ஒரு வாசனை கிளம்பியது பார். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அது தேயிலை என்று இந்தக் குப்பத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் நீ. உன்னைப் போன மழைக்காலத்து வாந்திபேதி கொண்டுபோய்விட்டது.

நேற்று அக்கா சொன்னாள்: "நாளன்னைக்குப் பட்டணத்துக்கு நண்டு போவணும். உங்க மாமா இல்ல, இனிமே நீதான் கொண்டு போவணும். போவியா, பயமாக் கீதா?"

"எனக்கின்னா பயம்? பட்டணம்தான் என்னைப் பாத்து பயப்படும்" என்றேன். அக்கா தலையில் ஒரு குட்டு வைத்தாள். இடுப்பிலிருந்த உன் மகன் கைகொட்டிச் சிரித்தான். பல் முளைத்துவிட்டது மாமா, உன் மகனுக்கு. கடித்தால் ரத்தம் வருகிறது.

விடிந்தால் போக வேண்டும். அதனால்தான் பாதிரி பள்ளிக்கூடத்தில் அடிபட்டுக் கற்ற எழுத்தை இன்று உனக்காகச் செலவு செய்கிறேன்.

நீ ஏரிக்கரைத் தோணிரேவு ஊர் ஆள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றைக் காலால் தடவி, நண்டைக் கையால் பிடிக்கிற ஏரிக்காரன். நைனாவோ அலை தாண்டிப் போகிற கடல்காரர். மருமகன் என்று உன்னை அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "இன்னா சேத்து நண்டு, பக்கவாட்டுலதான் நடப்பியா?" என்பார். நீ சிரித்துக்கொண்டே உண்மையாகவே பக்கவாட்டில் நடந்து போவாய். நீ போனதிலிருந்து நைனா நண்டு தொடுவதில்லை. வயிறு சரியில்லையாம்.

எங்கள் வீட்டில் உனக்குக் கடைசிவரை பிடிபடாதது பாத்திரம் வைக்கிற முறைதான். வீட்டு ஆள் கடலில் இருக்கும்போது பானை, சட்டி, கொட்டாங்கச்சி எதையும் கவிழ்த்து வைக்கக் கூடாது. இங்கே பாத்திரம் கவிழ்ந்தால் அங்கே படகு கவிழும். கழுவின சட்டியைக்கூடச் சுவரில் சாய்த்துத்தான் வைப்போம். "மழை பேஞ்சா உள்ள தண்ணி ரொம்புதே மச்சான், கடலே உங்க சட்டிக்குள்ளதான் கீதா?" என்று நீ என்னிடம் கேட்டாய். அக்கா அந்தச் சட்டியாலேயே உன்னை ஒரு போடு போட்டாள். நிமிர்த்திப் பிடித்த சட்டியால்தான்.

அந்த நாட்களில் குப்பத்தைப் பிடித்திருந்த பயத்துக்குப் பத்தாவியா என்று பெயர். அந்தப் பேரிலேயே ஆவி இருக்கிறது. கரையில் தனியாகத் திரிகிற பயல்களைப் பிடித்துக் கப்பலேற்றி, கடலுக்கு அப்பாலுள்ள அந்த ஒல்லாந்து ஊரில் அடிமையாக விற்கிறார்கள் என்பார்கள். எப்படிப் பிடிப்பார்கள் என்பது நம் பெண்களுக்கெல்லாம் மனப்பாடம். முதலில் உட்காரச் சொல்வான். அப்புறம் தித்திப்பாகக் குடிக்கக் கொடுப்பான். கண் விழித்தால் சுற்றிலும் தண்ணீர். வடக்குத் தெருவில் ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் அப்படித்தான் போனார்கள். பத்தாவியா பத்தலை என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

நாம் நண்டுக் கூடையோடு சென்னப்பட்டணத்தில் கரையேறிய அன்று நைனா கடலில் இருந்தார். காற்று சரியில்லை. அக்காவுக்கு வயிறு தள்ளியிருந்தது. "சீக்கிரமா வந்துடு" என்று உன் முகத்தைப் பார்க்காமல் சொல்லி அனுப்பினாள்.

நண்டு போக வேண்டிய இடம் அந்தத் தேத்தண்ணி வீடு. பட்டணத்துப் பெரிய மனிதர்கள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, தேயிலைத் தண்ணீரைக் காசு கொடுத்துக் குடித்துவிட்டுப் போகிற இடம். நடத்துகிற ஒல்லாந்துக்காரி புருஷன் செத்தவள், நம் பழவேற்காட்டுக் கோட்டையிலேயே பிறந்தவள். எப்போதும் பின்வாசலில் சமையல்காரன் கூடையை வாங்கிக்கொள்வான், நாம் திரும்பிவிடுவோம். அன்றைக்கு அவளே வந்தாள். நம்மைப் பார்க்கவில்லை, நம் தோளைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். முகம் மாறியது.

"உள்ள வாங்க. உக்காருங்க."

என் முதுகுத்தண்டில் ஈர நண்டு ஊர்ந்தது. உட்காரச் சொல்லிவிட்டாள்!

சிவப்புத் துணி தைத்த நாற்காலி. என் பின்புறத்துக்கு அப்படியொரு மரியாதை அதுவரை கிடைத்ததில்லை. முன்னால் வெள்ளைப் பீங்கான் கிண்ணம், அதற்குக் கீழே ஒரு தட்டு. செம்மண் நிறத்தில் தண்ணீர் ஊற்றினாள், சர்க்கரை போட்டாள். தித்திப்பு! குடிக்காவிட்டால் கோபப்படுவாளோ என்று குடித்தோம். குடித்ததும் மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்தோம். மறுபடியும் வந்தாள். அவள் ஊற்ற ஊற்ற நாம் ஊறிக்கொண்டிருந்தோம்.

"மாமா, கண்ணு சொக்குதா?" என்று மெல்லக் கேட்டேன்.

"இல்லடா. உனக்கு?"

"எனக்குக் கண்ணு இன்னும் பெருசாத் தொறக்குது."

"அப்ப இது வேற மருந்துடா" என்றாய். உன் உதடு வெளுத்திருந்தது.

அப்போதுதான் அந்த இரண்டு பேர் வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் கழுத்தெல்லாம் வெயிலில் வெந்துபோன வெள்ளைக்கார மாலுமி. இன்னொருவன் நம் ஆள், தொப்பி வைத்த தரகன். தேன் தடவின குரல் அவனுக்கு.

"எந்த ஊரு தம்பி?"

"தண்ணி ஊரு" என்றேன்.

"பேரு?"

"எனக்குக் கெண்டை. இவருக்குக் கெளுத்தி."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "பெரியவங்க யாரும் கூட வரலியா?"

"நாங்களே பெரியவங்கதான்!"

மேசைக்கடியில் நீ என் காலை மிதித்தாய். தேடி வர ஆள் இல்லை என்பதை நானே அவனிடம் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று அந்த மிதியில்தான் புரிந்தது. ஆனாலும் எனக்கு அப்போது பயம் அவனிடம் இல்லை மாமா. அவன் தமிழ் பேசினான், சிரித்தான். எனக்குப் பயமெல்லாம் அந்தக் கூஜாவோடு திரும்பத் திரும்ப வருகிறவளிடம்தான்.

தரகன் நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டான். "இன்னாத்துக்கு இப்படிக் குடிச்சிக்கினே கீறீங்க? போதும்னா கிண்ணத்தைத் தட்டு மேல கவுத்து வைக்கணும். அதான் இங்க மொறை. கவுத்துட்டு வாங்க. எங்க படகு உங்க பக்கம்தான் போவுது, ஊர்லயே எறக்கி வுட்டுடறோம்."

சுற்றிலும் பார்த்தேன். அவன் சொன்னது மெய்தான். குடித்து முடித்தவர்கள் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்களுக்கு யாரும் மறுபடி ஊற்றவில்லை. அத்தனை நேரம் இது தெரியாமலா வயிறு வெடிக்கக் குடித்தோம்!

"கவுத்துடு மாமா, போயிடலாம்" என்றேன்.

நீ அசையவில்லை. "நைனா கடல்ல கீறாருடா."

"நீதான் ஏரிக்காரனாச்சே. உனக்கின்னா இந்த சாத்திரம்?"

"எனக்கு இல்ல. அவருக்குக் கீதுல்ல."

இவ்வளவுதான் சொன்னாய். உன்னைச் சேற்று நண்டு என்று கூப்பிடுகிற கிழவருக்காக, கிண்ணத்தை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒல்லாந்துக்காரி வந்தாள், ஊற்றினாள். ஊற்றும்போது அவள் கண் தரகன் மேலேயே இருந்தது. அதை அப்போது நான் கவனித்தும் விளங்கிக்கொள்ளவில்லை.

தரகனின் குரலில் தேன் வற்றியது. "கவுக்க ஒரு கையி போதும்டா" என்று உன் கிண்ணத்தின் மேல் கையைக் கொண்டுவந்தான். ஆவி பறக்கிற கிண்ணத்தின் வாயை நீ உள்ளங்கையால் மூடினாய். மாலுமி எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது. சாராயமும் தாரும் கலந்த நாற்றம். ஒரு கை என் தோளில் உட்கார்ந்தது. பிடிக்கவில்லை, எடை பார்த்தது. சந்தையில் ஆட்டின் முதுகை அமுக்குவார்களே, அப்படி. அந்த நொடியில்தான் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு உறைத்தது.

அப்போது நீ கிண்ணத்தைத் தூக்கி, கொதிக்கக் கொதிக்க, உன் மடியிலும் என் மடியிலும் தேத்தண்ணியைக் கொட்டினாய். சாய்த்துத்தான் கொட்டினாய், கவிழ்க்கவில்லை. காலிக் கிண்ணத்தை மறுபடி நிமிர்த்தித் தட்டில் வைத்தாய்.

ஒல்லாந்துக்காரி பாய்ந்து வந்தாள். கூடவே சமையல்காரன், துடைக்கத் துணியோடு இன்னும் இரண்டு வேலையாட்கள். "அய்யய்யோ என் நாற்காலி!" என்று அவள் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது. அத்தனை பேர் நடுவில் மாலுமியின் கை என் தோளிலிருந்து இறங்கியது. அவள் திட்டிக்கொண்டே நம் கிண்ணத்தில் மறுபடி ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் கடல் பக்கம் கப்பலின் புறப்பாட்டுப் பீரங்கி ஒலித்தது. தரகன் காறித் துப்பிவிட்டு எழுந்தான். இருவரும் வெளியேறினார்கள்.

அவள் கதவுக்குத் தாழ் போட்டாள். நாம் செத்தோம் என்று நினைத்தேன். அவளோ நம் எதிரில் தொப்பென்று உட்கார்ந்து, நம் ஊர்த் தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"கரையிலேர்ந்து உங்க பின்னாலயே வந்தானுங்கடா. ஒரு வாட்டியாவது திரும்பிப் பாத்தீங்களா? மொதல்ல வாசல்லயே நின்னு பாத்தானுங்க, அப்புறம் பக்கத்துலயே வந்து உக்காந்தானுங்க. அவனுங்க எதிர்ல நான் எப்படிடா சொல்லுவேன்? கிண்ணம் நிமிந்து நிக்கற வரைக்கும் நீங்க என் விருந்தாளி. என் விருந்தாளி மேல எவனும் கை வைக்க முடியாது. கவுத்துட்டா நீங்க தெருவுல போற ஆளு. எங்க கவுத்துடுவீங்களோன்னு எனக்கு உசுரே போச்சு. கவுக்கக் கூடாதுன்னு யாருடா சொல்லிக் குடுத்தது?"

"எங்க மாமனாருங்க" என்றாய் நீ.

பழவேற்காட்டுக்குத் துணி ஏற்றிப் போகும் படகு ஒன்று கிளம்புகிறவரை நம்மை அங்கேயே வைத்திருந்து, சமையல்காரனைத் துணைக்கு அனுப்பி ஏற்றிவிட்டாள். நாம் ஊர் வந்தபோது நைனா கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். "இன்னா சேத்து நண்டு, பட்டணம் பாத்தியா?" என்றார். "பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்காவைப் பார்க்க உள்ளே ஓடினாய்.

மீதியை நான் சொன்னேன். குப்பத்தையே கூட்டி வைத்துச் சொன்னேன். தரகனை நான் முறைத்தது, மாலுமியின் கையை நான் தட்டிவிட்டது, அவர்கள் என் வாய்க்குப் பயந்து கப்பலுக்கு ஓடியது. நடுவில் உன்னையும் விடவில்லை. "மாமா நடுங்குன நடுக்கத்துல தேத்தண்ணியை என் மேலயே கொட்டிக்கினாரு" என்றேன். நைனா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து உனக்குத் தேத்தண்ணி மாப்பிள்ளை என்று பேர். நண்டு பிடிக்க நீ ஏரியில் இறங்கினால், "பாத்து மாப்ள, ஏரியக் கொட்டிடப் போற" என்று கரையிலிருந்து கத்துவார்கள். கடைசியாகப் படுத்துக் கிடந்தபோதுகூட ஒரு பொடியன் வாசலில் அந்தப் பேரைச் சொன்னான். நீ என்னைப் பார்த்தாய். லேசாகச் சிரித்தாய்.

மாமா, என் மடியில் இருந்தது தேத்தண்ணி மட்டும் அல்ல. அந்தக் கை என் தோளில் உட்கார்ந்ததுமே என்னை மீறி ஒன்றுக்குப் போய்விட்டது. நாற்காலியின் சிவப்புத் துணியில் கறை படர்வதை நீதான் முதலில் பார்த்தாய். தரகன் குனியப் போனான். அவன் பார்ப்பதற்குள் நீ கொட்டினாய். என் பக்கம் கொஞ்சமாக, உன் பக்கம் நிறைய. படகில் உப்புத் தண்ணீர் தெறித்தபோதெல்லாம் நீ பல்லைக் கடித்தாய். உன் தொடையில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. எனக்கு ஒன்றுகூட இல்லை.

நாளை தேத்தண்ணி வீட்டில், திரும்புகிற படகு கிளம்பும்வரை, அவள் என்னை மறுபடி உட்காரச் சொல்வாள். தனியாகத்தான் உட்கார வேண்டும். ஊற்றுவதற்கு அவள் இருப்பாள். கொட்டுவதற்கு யார் இருக்கிறார்கள், மாமா?